பெயர் இல்லாத புள்ளிகளை அழிக்கலாமா?

கணினி நிரல் எழுதக் கற்றுத்தரும் புத்தகங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்றைச் சேர்ப்பது எப்படி என்பதற்குப் பத்துப் பக்கம் இருக்கும். அதையே நீக்குவது எப்படி என்பதற்கு அரைப் பக்கம்தான் இருக்கும். நான் பார்த்தவரையில் தலைவலி எல்லாம் அந்த அரைப் பக்கத்தில்தான். சேர்க்கும்போது பிசகினால் கண்ணுக்குத் தெரியும். ஒரு பெயர் இரண்டு தடவை வந்து நிற்கும், அல்லது இடம் மாறி நிற்கும். நீக்கும்போது பிசகினால், அங்கே ஒன்று இருந்தது என்பதே தெரியாமல் போய்விடும். இல்லாத ஒன்றைத் தேடிப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

இந்தப் பதிவு எக்ஸ்எம்எல் கோப்புகளிலிருந்து கணுக்களை நீக்குவது பற்றியது. நிரல் பக்கமே போகாத வாசகர்கள் பயந்து ஓட வேண்டாம். நான் எடுத்துக்கொண்டிருக்கும் உதாரணம் நம் தாமிரபரணிப் பாசனக் குளங்கள்தான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றை நீக்குவதற்கு முன் 'இது தேவையா' என்று மட்டும் கேட்பது போதாது. 'இதை யார் நம்பி இருக்கிறார்கள்' என்றும் கேட்க வேண்டும். கோப்புக்கும் இது பொருந்தும், குளத்துக்கும் பொருந்தும்.

முதலில் கோப்பு எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற உலக வரைபடத்தைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. விக்கிப்பீடியா மாதிரி, யார் வேண்டுமானாலும் தம் ஊரை அதில் வரையலாம், திருத்தலாம், தரவை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அப்படி இறக்கினால் வரும் கோப்பு எக்ஸ்எம்எல் வடிவத்தில் இருக்கும். எக்ஸ்எம்எல் 1998 பிப்ரவரியில் நிலையான வடிவமாக அறிவிக்கப்பட்டது. பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. ஒரு தாய், அதற்குள் பிள்ளைகள், பிள்ளைகளுக்குள் பேரப்பிள்ளைகள் என்று ஒரு குடும்ப மரம். மரத்தின் ஒவ்வொரு கிளைப்பிரிவும் ஒரு கணு. ஆங்கிலத்தில் நோட் என்பார்கள்.

இந்த வரைபடக் கோப்பில் முக்கியமாக மூன்று வகை உறுப்புகள் உண்டு. முதலாவது புள்ளி: அட்சரேகை, தீர்க்கரேகையோடு பூமியில் ஓர் இடம். இரண்டாவது கோடு: பல புள்ளிகளை வரிசையாகத் தொட்டுச் செல்வது. சாலை, கால்வாய் எல்லாம் கோடுகள். தொடங்கிய இடத்திலேயே முடியும் கோடு ஒரு வளையம். குளம் அப்படித்தான் வரையப்படுகிறது. மூன்றாவது தொகுப்பு: பல கோடுகளையும் புள்ளிகளையும் சேர்த்துக் கட்டுவது. நடுவில் திட்டு உள்ள பெரிய குளத்தைத் தொகுப்பாகத்தான் எழுத முடியும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குளத்தின் வளையம் தன் புள்ளிகளைத் தனக்குள் வைத்திருப்பதில்லை. புள்ளிகள் கோப்பின் மேல்பகுதியில் தனியாக, எண்ணோடு கிடக்கும். குளத்துக்குள் 'இந்த எண், அடுத்து இந்த எண், அடுத்து இந்த எண்' என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கும். பட்டாவில் சர்வே எண்ணை மட்டும் எழுதிவிட்டு, நிலத்தின் அளவுகளைப் புலப்படத்தில் வைத்திருப்பது மாதிரி.

பக்கத்துத் தெருவில் இருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்பு இப்படி ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைப் பார்த்து ஆர்வம் வந்து, தம் நண்பர்களோடு சேர்ந்து குளம் குளமாகப் போய்ப் பார்க்க ஒரு கைப்படம் தயாரிக்க நினைத்தார். அம்பாசமுத்திரத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை உள்ள பகுதியை இறக்கியிருந்தார். அதில் ஏடிஎம் இருக்கிறது, டீக்கடை இருக்கிறது, செல்போன் கோபுரம் இருக்கிறது. அதையெல்லாம் நீக்கிவிட்டுக் குளமும் கால்வாயும் மட்டும் மிஞ்ச வேண்டும் என்பது அவர் திட்டம். கூடவே, சில குளக்கரைகளில் நடந்தபோது கைப்பேசி பதிவுசெய்த தடக் கோப்புகளும் இருந்தன. அவையும் எக்ஸ்எம்எல்தான், ஜிபிஎக்ஸ் என்று பெயர்.

நல்ல காரியம். ஆனால் பைத்தான் மொழியில் அவர் எழுதிய நிரல் ஒவ்வொரு படியிலும் முரண்டு பிடித்தது. அந்த முரண்டுகளை வரிசையாகச் சொல்கிறேன். இவற்றில் நான்கைந்து எல்லா மொழியிலும் எல்லோருக்கும் வருபவை.

முதல் முரண்டு: 'பட்டியலில் அது இல்லை' என்ற பிழைச் செய்தி. கோப்பில் கண்ணெதிரே இருக்கும் ஓர் உறுப்பை நீக்கச் சொன்னால், நிரல் 'இல்லை' என்கிறது. காரணம் இதுதான். எக்ஸ்எம்எல் மரத்தில் ஒரு கணுவை அதன் நேரடித் தாய்தான் நீக்க முடியும். பேரனை நீக்கும்படி பாட்டியிடம் சொன்னால், 'என் பிள்ளைகளில் அப்படி யாரும் இல்லையே' என்றுதான் பதில் வரும். பைத்தானோடு வரும் எலிமென்ட்ட்ரீ என்ற கருவியில் பிள்ளைக்குத் தன் தாய் யார் என்று தெரியவும் தெரியாது; கீழ்நோக்கி மட்டுமே போகலாம். ஆகவே முதலிலேயே மரம் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி, எந்தப் பிள்ளைக்கு எது தாய் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ள வேண்டும். எல்எக்ஸ்எம்எல் என்ற கருவியில் பிள்ளையிடமே தாயைக் கேட்கலாம். உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கும் அந்த வசதி உண்டு. எந்தக் கருவியானாலும் விதி ஒன்றே: தாயைக் கண்டுபிடி, தாய் வழியாக நீக்கு.

இரண்டாவது முரண்டு: பாதி போய்விட்டது, பாதி அப்படியே இருக்கிறது. இதுதான் மிகவும் ஏமாற்றக்கூடியது, ஏனென்றால் பிழைச் செய்தியே வராது. ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'முதலாவது ஆளைப் பார், இரண்டாவது ஆளைப் பார்' என்று இட எண்ணைச் சொல்லி எண்ணிக்கொண்டே போகிறீர்கள். முதலாவது ஆளை வரிசையிலிருந்து வெளியேற்றினால் என்ன ஆகும்? இரண்டாவது ஆள் முதல் இடத்துக்கு நகர்ந்துவிடுவார். நீங்களோ அடுத்து இரண்டாவது இடத்தைப் பார்ப்பீர்கள். அங்கே நிற்பவர் பழைய மூன்றாவது ஆள். பழைய இரண்டாவது ஆளை நீங்கள் பார்க்கவே இல்லை.

நீக்க வேண்டியவை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் இந்தக் கோளாறு வெளியே தெரியாது. அடுத்தடுத்து இருந்தால்தான் தெரியும். கைப்பேசித் தடத்தில் தவறான புள்ளிகள் எப்படி வரும் தெரியுமா? மலையடிவாரத்திலோ உயரமான கட்டடங்களுக்கு இடையிலோ செயற்கைக்கோள் சைகை தடுமாறும்போது, தப்புப் புள்ளிகள் கொத்தாகத்தான் வரும். ஆகவே நம் மாணவரின் தடத்தில் ஒன்றுவிட்டு ஒன்று மிஞ்சியது. நிரலை இன்னொரு தடவை ஓட்டினால் மேலும் பாதி போகும். 'ரெண்டு மூணு தடவை ஓட்டினா சரியாயிடுது சார்' என்றார். சரியாகவில்லை, தற்செயலாக மறைந்தது. இதற்குத் தீர்வு இரண்டு. பட்டியலை நகல் எடுத்து, நகலைப் பார்த்துக்கொண்டே அசலிலிருந்து நீக்கலாம். அல்லது கடைசியிலிருந்து முன்னோக்கி வரலாம். உலாவியிலும் இதே கதைதான். உறுப்பின் பெயரைச் சொல்லிக் கேட்டால் கிடைக்கும் பட்டியல் உயிருள்ளது. நாம் நீக்க நீக்க அதுவும் சுருங்கிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது முரண்டு: ஒன்றுமே நீங்கவில்லை, பிழையும் இல்லை. இது ஜிபிஎக்ஸ் கோப்பில் வந்தது. அந்தக் கோப்பின் முதல் உறுப்பிலேயே, 'இதற்குள் இருக்கும் பெயர்கள் எல்லாம் இன்ன முகவரியைச் சேர்ந்தவை' என்று ஓர் அறிவிப்பு இருக்கும். பெயர்வெளி என்பார்கள். அதன்பின் உள்ளே வெறும் பெயராகத் தெரிந்தாலும், கருவியின் கணக்கில் அது முகவரியோடு சேர்ந்த முழுப்பெயர். இனிஷியல் இல்லாமல் 'சுப்பிரமணியன்' என்று வாக்காளர் பட்டியலில் தேடும் ஆள், 'அப்படி யாரும் இல்லை' என்று திரும்பி வருவது போன்றது இது. முழு முகவரியையும் சுருள் அடைப்புக்குள் முன்னால் சேர்த்துத் தேடினால் உடனே கிடைக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கோப்பில் இந்தப் பெயர்வெளி இல்லை. அதனால் ஒரு கோப்பில் ஓடிய நிரல் இன்னொன்றில் சும்மா இருக்கும்போது, 'கோப்பு கெட்டுவிட்டது' என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

நான்காவது முரண்டு தமிழர்களுக்கே உரியது. நீக்கி முடித்துக் கோப்பைச் சேமித்தபின் திறந்தால், நயினார்குளம் என்ற பெயர் இருந்த இடத்தில் எண்களும் குறிகளுமாக இருந்தது. மாணவர் பதறிவிட்டார். பெயர் அழியவில்லை. எலிமென்ட்ட்ரீ, எந்த எழுத்துமுறையில் சேமிக்க வேண்டும் என்று சொல்லாவிட்டால், ஆங்கில எழுத்துகளை மட்டுமே அப்படியே எழுதும். மற்றதையெல்லாம் எண்ணாக மாற்றிவிடும். 'க' என்பது 2965 என்று நிற்கும். வரைபட மென்பொருள் அதைத் திரும்பப் படித்துவிடும், மனிதர் படிக்க முடியாது. யூடிஎஃப்-8 என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. சேமிக்கும் வரியில் அதை எப்போதும் எழுதிவிடுங்கள்.

ஐந்தாவதாக ஒன்று இந்தக் கோப்பில் வரவில்லை. ஆனால் தமிழ் நூல்களை எக்ஸ்எம்எல்-ஆக்கும் நண்பர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். எல்எக்ஸ்எம்எல்-இலும் எலிமென்ட்ட்ரீ-இலும், ஓர் உறுப்பு முடிந்தபின் அடுத்த உறுப்பு வரும்வரை உள்ள எழுத்துகள், அந்த உறுப்பின் வாலாகவே வைக்கப்படுகின்றன. ஒரு வாக்கியத்தின் நடுவில் அடிக்குறிப்பு எண் இருக்கிறது, அது வேண்டாம் என்று நீக்குகிறீர்கள். எண்ணோடு சேர்ந்து வாக்கியத்தின் மீதிப் பாதியும் போய்விடும். உரைநூல் ஒன்றில் நூறு அடிக்குறிப்பை நீக்கினால் நூறு வாக்கியங்கள் அரைகுறையாகும். நீக்குவதற்கு முன் வாலை எடுத்து முந்தைய உறுப்பின் முடிவில் ஒட்ட வேண்டும். முந்தைய உறுப்பு இல்லையென்றால் தாயின் தொடக்க எழுத்தோடு ஒட்ட வேண்டும்.

இவை எல்லாம் கருவிக் கோளாறுகள். அரைநாள் உட்கார்ந்தால் தீரும். நான் எழுத வந்தது அடுத்ததைப் பற்றித்தான்.

கருவிக் கோளாறெல்லாம் தீர்ந்து, நிரல் சுத்தமாக ஓடி முடிந்தது. படத்தைத் திறந்தால் குளமே இல்லை. கால்வாயும் இல்லை. சில இடங்களில் இரண்டு புள்ளிகளை இணைத்து ஒரு குச்சி மாதிரி கோடு, அவ்வளவுதான். நிரலில் இருந்த ஒரு வரிதான் காரணம். 'பெயரோ வேறு எந்தக் குறிப்போ இல்லாத புள்ளிகளை நீக்கு' என்று அவர் எழுதியிருந்தார். 'பேரே இல்லாத புள்ளி எதுக்கு சார்? கோப்புல முக்கால்வாசி அதுதான் கிடக்கு' என்றார்.

கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஏடிஎம்முக்குக் குறிப்பு உண்டு, கோயிலுக்குக் குறிப்பு உண்டு. குளத்தின் பெயர் வளையத்தின் மேல் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த வளையத்தின் ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்கும் புள்ளிக்குப் பெயர் கிடையாது. கரை எங்கே வளைகிறதோ அங்கே ஒரு புள்ளி. கால்வாய் எங்கே திரும்புகிறதோ அங்கே ஒரு புள்ளி. அவற்றுக்குச் சொந்தமாக எந்த விவரமும் இல்லை. அவற்றின் வேலையே இன்னொன்றுக்கு உருவம் கொடுப்பதுதான். அவற்றை நீக்கியபின் குளம் கோப்பில் இருக்கத்தான் செய்தது, பெயரோடு, எண்ணோடு. ஆனால் அது சுட்டிய எண்கள் எதுவும் கோப்பில் இல்லை. கரை இல்லாத குளம்.

'தம்பி, கரையில் கிடக்கும் கல்லுக்குப் பெயர் வைத்தா அடுக்குகிறார்கள்? எடுத்துப் பார்த்தால்தானே தெரியும்' என்று சொன்னேன். சிரித்தார்.

சரியான வரிசை இதற்கு நேர்மாறானது. முதலில் எவை வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும்: குளம், கால்வாய், ஆறு. அடுத்து, தொகுப்பாக எழுதப்பட்ட குளங்கள் எந்தக் கோடுகளைச் சுட்டுகின்றன என்று சேகரிக்க வேண்டும். பிறகு அந்தக் கோடுகள் எந்தப் புள்ளிகளைச் சுட்டுகின்றன என்று சேகரிக்க வேண்டும். இந்த மூன்று பட்டியலிலும் இல்லாதவற்றை மட்டுமே நீக்க வேண்டும். ஆஸ்மியம் என்ற இலவசக் கருவியில் வடிகட்டும் கட்டளையைக் கொடுத்தால், சொல்லாமலேயே இந்தச் சார்ந்த உறுப்புகளையும் சேர்த்தே எடுத்துத் தரும். வேண்டாம் என்றால்தான் தனியாகச் சொல்ல வேண்டும். அதை வடிவமைத்தவர்கள் இந்தத் தொல்லையைப் பார்த்துச் சலித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அப்படியானால் தலைப்பில் உள்ள கேள்விக்குப் பதில் என்ன? அழிக்கலாம், யாரும் சுட்டாத பட்சத்தில். ஒரு கோட்டை அழித்தால் அதன் புள்ளிகள் தாமாக அழிவதில்லை. அவை அநாதையாகக் கிடக்கும். அவற்றை அழிப்பது சுத்தம் செய்வது. ஆனால் பெயர் இல்லை என்பதும் யாரும் சுட்டவில்லை என்பதும் ஒன்றல்ல.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. 'என் கோப்பில் யாரும் சுட்டவில்லை' என்பதும் 'யாருமே சுட்டவில்லை' என்பதும்கூட ஒன்றல்ல. நாம் இறக்கியது அம்பை முதல் ஸ்ரீவைகுண்டம் வரை. எல்லையில் இருக்கும் ஒரு புள்ளியை, எல்லைக்கு வெளியே உள்ள ஒரு கால்வாய் சுட்டிக்கொண்டிருக்கலாம். ஜோசம் என்ற வரைபடத் திருத்தியில் இப்படிப்பட்ட புள்ளியை அழிக்கப் போனால், 'நீங்கள் இன்னும் இறக்காத பகுதியில் இதை வேறு ஏதாவது சுட்டிக்கொண்டிருக்கலாம்' என்று எச்சரிக்கும். நாம் அதையும் மீறி அனுப்பினால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வழங்கி ஏற்காது. 412 என்ற எண்ணோடு, 'இந்தப் புள்ளியை இன்ன கோடு பயன்படுத்துகிறது' என்று திருப்பி அனுப்பிவிடும். நீக்கம் ஏற்கப்பட்டாலும்கூட அந்தப் புள்ளி வரைபடத்திலிருந்துதான் மறையும். யார் எப்போது சேர்த்தார், யார் எப்போது நீக்கினார் என்ற வரலாறு அப்படியே இருக்கும்; பிசகினால் மீட்கலாம்.

எனக்கு இந்த 412 மிகவும் பிடித்த எண். ஒரு கோப்பில் உள்ள ஒரு புள்ளிக்கு இருக்கும் பாதுகாப்பு, நிலத்தில் இருக்கும் குளத்துக்கு இல்லையே என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

நம் ஆற்றின் கதையைப் பாருங்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள். சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாய் டவுன் பக்கம் வந்து நயினார்குளத்தை நிரப்புகிறது. இப்படி ஒவ்வொரு அணைக்கட்டிலிருந்தும் கால்வாய், கால்வாயிலிருந்து குளம், ஒரு குளம் பெருகினால் மறுகால் வழியாக அடுத்த குளம். இதுவும் ஒன்றையொன்று சுட்டும் ஒரு பெரிய கோப்புதான். இடையில் ஒரு குளத்தை எடுத்தால் மேலே உள்ள மறுகாலுக்குப் போக இடமில்லை, கீழே உள்ள மடைக்கு வரத் தண்ணீர் இல்லை. நம் புதிய பேருந்து நிலையம் வேய்ந்தான்குளத்தில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். மழைக்காலத்தில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வருவதும் ஊருக்குத் தெரியும். தண்ணீரிடம் இருப்பது பழைய கோப்பு. நாம் நீக்கியதை அதற்கு யாரும் சொல்லவில்லை.

சென்னையில் இது இன்னும் வெளிப்படை. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது, ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு' இருக்கிறது, குளமும் இல்லை, கரையும் இல்லை. நிரல்காரர்கள் இதைத் தொங்கும் சுட்டி என்பார்கள். சுட்டுகிற பெயர் மிஞ்சியிருக்கிறது. சுட்டப்பட்டதை எப்போதோ நீக்கிவிட்டார்கள்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தபோது, நெல்லையிலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் நிறையக் குளங்கள் உடைந்தன. அப்படிப்பட்ட நாளில், ஒரு குளத்தின் மறுகால் எந்தப் பக்கம் போகிறது, உடைந்தால் தண்ணீர் எந்த ஊருக்குப் போகும் என்பதை உள்ளூர்ப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். வெளியூரிலிருந்து உதவிக்கு வருகிறவர்களுக்கு வரைபடம்தான் கதி. அந்த வரைபடத்தில் ஒரு குளம் விடுபட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. விடுபட்ட குளத்தைப் பற்றி வரைபடம் பிழைச் செய்தி தராது. ஆகவேதான் இதை வெறும் நிரல் விளையாட்டாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, நிலத்தில் போய்விட்ட குளத்தை வரைபடத்தில் வைத்திருக்க வேண்டுமா? இதில் இரண்டு கட்சி உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்காரர்களின் கொள்கை, இன்று நிலத்தில் எது இருக்கிறதோ அதை மட்டுமே வரைய வேண்டும் என்பது. சுவடே இல்லாமல் போனதை நீக்கிவிட வேண்டும். உணர்ச்சிவசப்பட்டு இதைக் குறை சொல்லக் கூடாது. இல்லாத குளத்தை நீலமாக வரைந்து வைத்தால், கோடையில் ஆடு மாடு ஓட்டி வருகிறவன் ஏமாந்து போவான். பாதி சுவடு இருக்கும்போது, பயன்பாட்டில் இல்லை, கைவிடப்பட்டது, இடிக்கப்பட்டது என்று முன்னொட்டு போட்டு வைக்கவும் அங்கே வழி இருக்கிறது.

மறு கட்சி, இருந்தது என்பதும் ஒரு தகவல்தானே என்கிறது. ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்ற சகோதர வரைபடம் அதற்காகவே இருக்கிறது. அங்கே ஒவ்வொன்றுக்கும் தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் கொடுக்கலாம். இல்லாமல் போனதை நீக்க வேண்டியதில்லை. முடிந்த தேதி போட்டால் போதும்.

என் கட்சி இரண்டாவது, ஆனால் முதலாவதை விட்டுவிடாமல். இன்றைய வரைபடத்தில் நீக்குங்கள். நீக்குவதற்கு முன் பழைய வரைபடத்தில் எழுதிவையுங்கள். நிரலில் இதையே வேறு சொற்களில் சொல்வேன். அசல் கோப்பில் கை வைக்காதீர்கள். நகலில் நீக்குங்கள். நீக்கியவற்றைத் தனிக் கோப்பில் சேமியுங்கள். என்ன நீக்கினோம் என்ற பட்டியல் இல்லாத நீக்கம், ரசீது இல்லாமல் பணம் கொடுத்த மாதிரி.

'இந்தக் காலத்தில் எக்ஸ்எம்எல் யார் சார் வைத்திருக்கிறார்கள், எல்லாம் ஜேசன் ஆகிவிட்டதே' என்று இளைஞர்கள் கேட்பார்கள். ஆகட்டும். ஜேசனில் வால் எழுத்துத் தொல்லை இல்லை, பெயர்வெளித் தொல்லை இல்லை. ஆனால் எண்ணிக்கொண்டே நீக்கினால் அங்கும் பாதி மிஞ்சும். சுட்டப்படும் எண்ணை நீக்கினால் அங்கும் சுட்டி தொங்கும். வடிவம் மாறலாம், ஒன்றை நம்பி இன்னொன்று இருப்பது மாறாது. ஜேசனில் எழுதினாலும் கரை கரைதான்.

இந்த வேலை செய்யப் போகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சில வார்த்தைகள். நிரலை ஓட்டுவதற்கு முன் எத்தனை குளம், எத்தனை கோடு, எத்தனை புள்ளி என்று எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை நீங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஓட்டியபின் மறுபடி எண்ணுங்கள். கணக்கு உதைத்தால் நிறுத்துங்கள். இரண்டாவது தடவை ஓட்டிச் சரிக்கட்டாதீர்கள். மிஞ்சிய ஒவ்வொரு கோடும் சுட்டும் புள்ளி கோப்பில் இருக்கிறதா என்று சரிபார்க்கப் பத்து வரி நிரல் போதும். கடைசியாக, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குளத்தைப் படத்தில் தேடிப் பாருங்கள். கணக்குச் சொல்லாததைச் சில சமயம் கண் சொல்லிவிடும்.

நம் மாணவரின் கைப்படம் இப்போது தயார். அதில் மானூரும் இருக்கிறது, இலந்தைகுளமும் இருக்கிறது. 'கூந்தன்குளம் ஏன் இல்லை?' என்று கேட்டேன். அவர் இறக்கிய எல்லைக்கு வெளியே, தெற்கே இருக்கிறது என்றார். சரிதான், அது நாங்குநேரிப் பக்கம். ஆனால் அந்தக் கைப்படத்தின் ஓரத்தில், 'இந்த எல்லைக்கு வெளியேயும் குளங்கள் உண்டு' என்று ஒரு வரி அச்சிடச் சொல்லியிருக்கிறேன். 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த இடம் அது. நம் படத்தில் இல்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடாது.

வாசகர்களிடம் ஒரு கோரிக்கை. ஓய்வாக இருக்கும்போது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்கள் ஊரைத் திறந்து பாருங்கள். உங்கள் குளம் இருக்கிறதா, தமிழில் பெயர் இருக்கிறதா, மறுகால் சரியான பக்கம் போகிறதா என்று கவனியுங்கள். இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள். பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதிவிட்டால், பின்னால் வருகிறவர்கள் அதை நீக்குவதற்கு முன் ஒரு நிமிடமாவது யோசிப்பார்கள்.